பாலையில் நாயோடு நடக்க எந்தப் பாதை: ஃபீனிக்ஸ் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபீனிக்ஸுக்குப் புதிதாகக் குடிவந்த நண்பர் ஒருவர், காப்பகத்திலிருந்து நாய் ஒன்றைத் தத்தெடுத்த இரண்டாவது வாரத்திலேயே, அதைச் சவாரோ தேசியப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா அல்லது வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சவுத் மவுண்டனிலேயே நடந்தால் போதுமா என்று கேட்டார். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. சொல்லத் தொடங்கியபோதோ, ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் வசிக்கும் இந்த எட்டு ஆண்டுகளில் என் நாய் மணியை வைத்துக்கொண்டு நான் செய்த தவறுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவரிடம் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

நமக்கென்று பாதை தேடும்போது உச்சியிலிருந்து என்ன தெரியும், எவ்வளவு ஏற்றம், எத்தனை மணி நேரம் ஆகும் என்று பார்க்கிறோம். நாய்க்கு உச்சியில் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. வண்டியை விட்டு இறங்கிய முதல் நூறு மீட்டரிலுள்ள புதர்களை முகர்ந்து முடிக்கவே அதற்கு ஒரு காலைப்பொழுது போதாது. ஆகவே பாதைகளை ஒப்பிட நான் இப்போது கைக்கொள்ளும் அளவுகோல் வேறு: நடுவழியில் நாய் இனி ஓர் அடியும் வைக்கமாட்டேன் என்று படுத்துவிட்டால், அந்த இடத்திலிருந்து வண்டிவரை அதைக் கொண்டுவந்து சேர்க்க என்னால் முடியுமா? மணியின் எடை 27 கிலோ. ஊரில் ஒரு சிப்பம் அரிசி 25 கிலோ இருக்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி ஏறியவர்களுக்கு, கல்லும் முள்ளுமான ஒற்றையடிப் பாதையில், நெளிகிற, சூடான, உயிருள்ள ஒரு சிப்பத்தை எவ்வளவு தூரம் சுமக்கமுடியும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. என்னால் அரைக் கிலோமீட்டர் முடியும். அதற்கு மேல் இன்னொருவர் வேண்டும்.

நாய் ஏன் படுத்துவிடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். நமக்கு உடலெங்கும் வியர்க்கிறது. நாய்க்கு உள்ளங்கால்களில் மட்டுமே சிறிது வியர்வை உண்டு. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அது தன் உடற்சூட்டை வெளியேற்றும் முதன்மையான வழி. அதன் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதால், ஆபத்தான 41 டிகிரிக்கும் அதற்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியும் பாதி அடைபட்டே இருக்கிறது. இதோடு தரையின் சூடும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும் இதமான நாளிலேயே வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 50 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும். நாம் தடித்த அடிப்பாகம் கொண்ட காலணியோடு நிற்பதால் அது நமக்கு உறைப்பதில்லை. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பார்த்து, வைத்திருக்க முடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் வழிமுறை எளியது, நம்பகமானது. ஆனால் அதை வண்டி நிற்கும் இடத்தில் மட்டும் செய்துவிட்டு விட்டுவிடக்கூடாது. காலை எட்டு மணிக்குக் குளிர்ந்திருக்கும் பாறை, நாம் திரும்பி வரும் பதினொரு மணிக்கு அதே பாறையாக இருப்பதில்லை.

ஃபீனிக்ஸ் நகரம் 2016-இல் ஒரு விதி கொண்டுவந்தது. வெப்பநிலை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால், நகரத்துக்குச் சொந்தமான மலைப்பாதைகளில் நாயைக் கூட்டிச் செல்வது குற்றம். விதி நல்லதுதான், ஆனால் பலர் அதைத் தவறாகப் படிக்கிறார்கள். 36 டிகிரியில் கூட்டிப்போகலாம் என்று அதற்குப் பொருளில்லை. கறுப்பு மயிர் அடர்ந்த மணியைப் பொறுத்தவரை 27 டிகிரியைத் தாண்டினால் நான் கிளம்புவதில்லை. இளைத்த உடலும் குட்டை மயிரும் கொண்ட நாய்க்கு இன்னும் ஓரிரு டிகிரி கூட்டிக்கொள்ளலாம். கொழுத்த நாய்க்கும் வயதான நாய்க்கும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நம் இலக்கண மரபு பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வகுத்துவிட்டு, பின்பனியும் அதற்கு உரியதுதான் என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. ஃபீனிக்ஸைச் சூழ்ந்துள்ள சொனோரன் பாலையில் நாயோடு நடப்பவருக்கு அந்த விலக்குத்தான் சட்டம். நவம்பர் முதல் மார்ச் வரை, அதிலும் விடிந்து மூன்று மணி நேரத்துக்குள், இந்த நிலம் நடக்கத் தகுந்தது. மற்ற மாதங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நகரத்துக்குள்ளேயே இருக்கும் குன்றுகளை எடுத்துக்கொள்வோம். சவுத் மவுண்டன் பூங்கா 16,000 ஏக்கருக்கு மேல் பரந்தது. ஒரு நகரத்தின் எல்லைக்குள் இவ்வளவு பெரிய பூங்கா அமெரிக்காவிலேயே அரிது. நாய்க்கு அனுமதி உண்டு, கயிற்றில் பிடித்திருக்கவேண்டும் என்பதுதான் கட்டுப்பாடு. கிழக்கே பீமா கேன்யன் வாயில் வழியாகப் போனால், முதல் இரண்டு கிலோமீட்டர் அகலமான மண்சாலையாகவே இருப்பதால் நாய் நம் பக்கத்திலேயே நடக்கலாம், எதிரே வருபவர்களுக்கு ஒதுங்கி வழிவிடலாம், வேண்டாம் என்று தோன்றிய இடத்தில் திரும்பிவிடலாம். அதற்கப்பால் நேஷனல் டிரெயில் பிரியும் இடத்திலிருந்து பாதை கரடுமுரடாகிறது. மிதிவண்டிக்காரர்கள் சரிவில் விரைந்து இறங்கிவருவார்கள். அவர்கள்மேல் குறையில்லை, அது அவர்களுக்கும் உரிய பாதைதான். ஆனால் சக்கரத்தைக் கண்டால் துரத்தும் நாயை வைத்திருப்பவர் அங்கே நிம்மதியாக நடக்கமுடியாது. குன்றுகளுள் எல்லோருக்கும் பெயர் தெரிந்த கேமல்பேக் மலையில், எக்கோ கேன்யன், சோய்யா ஆகிய இரண்டு ஏறுவழிகளிலும் நாய்களுக்கு அனுமதியே இல்லை. பியெஸ்டெவா சிகரத்தின் உச்சிப் பாதையிலும் அப்படியே. 2003-இல் ஈராக்கில் இறந்த ஹோப்பி இனப் பெண் படைவீரரின் பெயரைத் தாங்கிய அந்தச் சிகரத்தின் அடிவாரத்தைச் சுற்றி வேறு பாதைகள் இருக்கின்றன. நாயோடு வருபவர்களுக்கு அவையே பொருத்தம். இவ்விரு மலைகளின் உச்சிப் பாதைகளைக் கடுங்கோடை எச்சரிக்கை நாட்களில் பகல் நேரத்தில் மனிதர்களுக்கே மூடிவிடும் வழக்கத்தை நகராட்சி 2021-இல் தொடங்கியது என்பதிலிருந்து அந்தச் சரிவுகளின் சூட்டை ஊகித்துக்கொள்ளலாம்.

நகரக் குன்றுகளின் பெரிய நன்மை அருகாமை. ஏதாவது ஆனால் கால்நடை மருத்துவமனை பதினைந்து நிமிடத்தில் இருக்கிறது. தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கிறது. அடுத்த வளைவிலேயே உதவிக்கு இன்னொரு மனிதர் வருவார். குறை கூட்டம்தான். சனிக்கிழமை காலையில் அங்கே வரும் நாய்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், புதிதாகத் தத்தெடுத்த, இன்னும் குணம் புரியாத நாயை நான் வார நாளில்தான் கூட்டிப்போவேன்.

இரண்டாவது தெரிவு வடகிழக்கே ஸ்காட்ஸ்டேல் நகரத்தின் மெக்டவல் சொனோரன் காப்புநிலம். 30,000 ஏக்கருக்கு மேற்பட்ட இந்நிலத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. கதிரவன் எழுவதிலிருந்து மறைவதுவரை திறந்திருக்கும். இதன் வடகோடியிலுள்ள பிரௌன்ஸ் ரான்ச் வாயிலைத்தான் நான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறேன். முன்பு மாடு மேய்த்த நிலம் அது. கருங்கல் பொடிந்து உண்டான பருமணலே தரையாக இருப்பதால் கால் வைத்தால் சற்றே அமுங்குகிறது. கூர்முனைக் கற்கள் குறைவு. ஏற்றம் என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. பாதைகள் வலைபோல் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதாலும், சந்திப்புதோறும் பலகை நட்டிருப்பதாலும், ஆறு கிலோமீட்டர் என்று திட்டமிட்டுப் புறப்பட்டவர் நாயின் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாக்கிக்கொள்ள முடிகிறது. சுருக்கிக்கொள்ள இடம்தரும் இந்தக் குணத்தை நான் எந்த மலைக்காட்சியையும்விட மேலாக மதிக்கிறேன். சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் இருப்பவர்களுக்கு 10,000 ஏக்கர் பரப்புள்ள சான் டான் மலைப் பூங்கா அருகில். தரையும் ஏறத்தாழ இதே வகை. ஆனால் நுழைவுக் கட்டணம் உண்டு.

பிரௌன்ஸ் ரான்ச்சின் குறையை மறைக்கக்கூடாது. அது சோய்யாக் கள்ளியின் ஊர். கரடிப் பொம்மைபோல மஞ்சளாக, மெத்தென்று, காலை ஒளியில் அழகாகத் தெரியும் இந்தக் கள்ளியின் கணுக்கள் உதிர்ந்து பாதையோரமெங்கும் கிடக்கும். ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் தூண்டில் முள்ளைப்போல் பின்னோக்கிய நுண்ணிய செதில்கள் இருப்பதால், உள்ளே போவது எளிது, வெளியே வருவது கடினம். ஒரு ஜனவரிக் காலையில் மணி முயல் ஒன்றைக் கண்டு பாதையை விட்டு ஒரே ஓர் எட்டு விலகினான். எலுமிச்சம்பழ அளவுள்ள உருண்டை ஒன்று முன்னங்காலில் ஒட்டிக்கொண்டது. அடுத்த நொடியில் நாய் செய்யக்கூடியது ஒன்றுதான்: வாயால் கவ்விப் பிடுங்கப் பார்க்கும். அதைத் தடுப்பதுதான் முதல் வேலை. காலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மனைவி அவன் தலையைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, நான் அகன்ற பல்லுள்ள சீப்பை உருண்டைக்கும் தோலுக்கும் இடையே செருகி வெளிப்பக்கமாகச் சுண்டினேன். உருண்டை தெறித்துப்போய் என் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டது என்பது வேறு கதை. அதன்பின் தங்கிவிட்ட பதினெட்டு முட்களைக் குறட்டால் ஒவ்வொன்றாக, முள் போன திசையிலேயே நேராக இழுத்தோம். ஒவ்வொரு முள்ளுக்கும் தோல் கூடாரம்போல் எழும்பி, பிறகு விடுபட்டது. அவன் முனகினானே தவிரக் கடிக்கவில்லை. உதட்டிலோ நாக்கிலோ ஏறியிருந்தால் அங்கே நின்று பிடுங்கியிருக்க மாட்டோம். அதற்கு மயக்க மருந்து வேண்டும், மருத்துவரிடம்தான் போகவேண்டும். அன்றிலிருந்து சீப்பும் குறடும் தண்ணீர்ப் புட்டியைப்போலவே பையில் நிரந்தரமாகிவிட்டன.

மூன்றாவது தெரிவு அழகில் முதலாவது. ஃபீனிக்ஸுக்குக் கிழக்கே டான்டோ தேசியக் காட்டுக்குள் ஏறத்தாழ 1,60,000 ஏக்கரில் கிடக்கும் சூப்பர்ஸ்டிஷன் வனப்பகுதி, எரிமலைக் குழம்பு இறுகி உருவான கோட்டைமதில்போன்ற மலைத்தொடர். அதன் மேற்கு அடிவாரத்திலுள்ள லாஸ்ட் டச்மன் மாநிலப் பூங்காவில் டிரெஷர் லூப் என்ற நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வட்டப்பாதை நாய்க்கு ஏற்றது. அங்கிருந்தே தொடங்கும் சைஃபன் டிரா வழியாக ஃபிளாட்அயர்ன் உச்சிக்குப் போவதோ ஏற்றதல்ல. கடைசிப் பகுதியில் மனிதர்களே கைகளை ஊன்றித் தொற்றி ஏறுகிறார்கள். ஏறிவிடும் நாய்கூட இறங்கும்போது என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

தெற்குப் பக்கத்து பெரால்டா பாதையைப் பற்றி நான் சொந்த அனுபவத்தில் பேசலாம். வீவர்ஸ் நீடில் என்னும் ஒற்றைப் பாறைக்கோபுரம் திடீரென்று எதிரே எழும் ஃப்ரீமான்ட் கணவாய்வரை போகவர ஏழரைக் கிலோமீட்டர், ஏற்றம் 400 மீட்டர். ஒரு மார்ச் மாதக் கடைசியில், காலை ஏழுக்குத் தொடங்கவேண்டிய நடையை வழியில் காப்பிக்கு நின்றதால் ஒன்பதுக்குத் தொடங்கினோம். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்தாக்கின் நிழல் துணைக்கு இருந்தது. கணவாயில் அரை மணி நேரம் படம் எடுத்தோம். இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது, நிழல் பாறைகளுக்கு அடியில் சுருங்கியிருந்தது, காற்று நின்றிருந்தது. வண்டிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கையில் மணி ஒரு பாறையின் அடியில் புகுந்து படுத்தான். கூப்பிட்டால் வால் மட்டும் ஒருமுறை ஆடியது. நாக்கு வழக்கத்தைவிட அகலமாக, நுனியில் கரண்டிபோல விரிந்து தொங்கியது. எச்சில் கெட்டியாக நூல் இழுத்தது. மீதமிருந்த தண்ணீரில் பாதியை அவன் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் காதுகளிலும் ஊற்றி, தொப்பியால் விசிறி, மீதிப் பாதியைச் சிறிது சிறிதாகக் குடிக்கவைத்தோம். நாற்பது நிமிடம் கழித்துத்தான் எழுந்தான். எங்களைக் கடந்துபோன முதிய தம்பதி ஒருவர் தங்கள் புட்டியிலிருந்து கேட்காமலேயே ஒரு லிட்டர் கொடுத்திராவிட்டால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். தவறு பாதையினுடையதல்ல. காப்பியும் புகைப்படமும் நாங்கள் செய்த தவறுகள். எனக்குத் தாகம் எடுத்தபோதே அவனுக்கும் கொடுக்காதது மூன்றாவது.

ஆயினும் பாதையின் மேலும் ஒரு குறை உண்டு. உள்ளே நீரோட்டம் மழைக்குப் பின் சில வாரங்கள்தான் நம்பத்தக்கது. தொலைபேசிச் சமிக்ஞை பெரும்பாலும் கிடையாது. வாயிலை அடையவே மண்சாலையில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் குலுங்கவேண்டும். இடையில் சுருக்கிக்கொள்ளக் குறுக்குவழி இல்லை, போன வழியேதான் திரும்பவேண்டும். ஆகவே சூப்பர்ஸ்டிஷன் நடைகளை, ஏற்கெனவே ஒரு குளிர்காலம் முழுவதும் சமநிலத்தில் நடந்து பழகி உள்ளங்கால் காய்த்துப்போன நாய்க்கு, இரண்டு பெரியவர்கள் உடன்வரும்போது, டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் மட்டும் பரிந்துரைப்பேன். தண்ணீரில் பாதி தீர்ந்ததும் எங்கே நிற்கிறோமோ அங்கேயே திரும்பிவிடவேண்டும் என்ற விதியை அங்கே மீறவே கூடாது. உச்சிக்கு இருநூறு மீட்டர்தான் பாக்கி என்றாலும் கூடாது.

நண்பர் கேட்ட தேசியப் பூங்காக்களுக்கு வருகிறேன். பெயரைக் கேட்டதும் ஆசை வரும். ஆனால் பாலை நிலத் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலானவை நாயோடு வருபவருக்கு ஏமாற்றத்தையே தரும். ஃபீனிக்ஸுக்குத் தென்கிழக்கே இருக்கும் டூசான் நகரத்துக்கு இருபுறமும் உள்ள சவாரோ பூங்காவில் நாய் போகக்கூடியவை சாலைகளும், சில உணவுத் திடல்களும், தளம் பாவிய இரண்டு குட்டைப் பாதைகளுமே; அவ்விரண்டையும் சேர்த்தாலும் ஒன்றரைக் கிலோமீட்டர் தேறாது. கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீயில் ஒயாசிஸ் ஆஃப் மாரா பாதை நீங்கலாக, சாலையிலிருந்தும் முகாம்களிலிருந்தும் 100 அடிக்கு அப்பால் நாய் போகக்கூடாது. டெத் வேலியிலும் மலைப்பாதைகளில் இடமில்லை. கோபப்படுவதற்கு முன் காரணத்தையும் பார்க்கவேண்டும்: நாயின் வாடையே காட்டுயிர்களுக்கு வேட்டைக்காரனின் அறிவிப்பு. டூசானுக்கு வடக்கே புஷ் ரிட்ஜ் வனத்தில் பெருங்கொம்புக் காட்டாடுகள் அற்றுப்போய், 2013-இல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டன. அவை வாழும் பகுதியில் நாய்களுக்குத் தடை. அருகிலுள்ள சபீனோ கேன்யனிலும் தடை. இதைக் கேட்டுச் சலித்துக்கொண்ட ஒருவரிடம், பூங்காவின் வேலிக்கு வெளியே அதே கள்ளிக்காடுதான் டூசான் மவுண்டன் பூங்காவிலும் இருக்கிறது, அங்கே கயிற்றோடு தாராளமாக நடக்கலாம் என்று சொன்னேன். வரைபடத்தில் பெயர்தான் மாறுகிறது. கள்ளிக்கு அது தெரியாது.

விதிவிலக்குகள் உண்டு, அவை நீண்ட பயணத்துக்குத் தகுந்தவை. வடகிழக்கு அரிசோனாவின் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் பூங்கா, தளம் பாவிய பாதைகளில் மட்டுமன்றித் திறந்த வனப்பகுதியிலும் நாயை அனுமதிக்கிறது; விதிகளை ஏற்று நடக்கும் நாய்களுக்கு ‘பார்க் ரேஞ்சர்’ என்று ஒரு பட்டமும் தருகிறார்கள். இதில் ‘பார்க்’ என்பது குரைப்பு. தமிழில் எழுதினால் குரைப்பும் பூங்காவும் ஒரே எழுத்தாகிவிடுவதால் அவர்களுடைய சிலேடை நமக்குக் கூடுதலாகவே வேலை செய்கிறது. நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸ், ஃபீனிக்ஸிலிருந்து ஆறேழு மணி நேரம். 275 சதுர மைல் பரப்பில் வெண்மணல் மேடுகள். அந்த மணல் ஜிப்சம். சாதாரணக் கடற்கரை மணலைப்போல வெயிலை உறிஞ்சிக் கொதிப்பதில்லை. கோடையிலும் வெறுங்காலோடு நடக்கலாம். முள்ளும் மிகக் குறைவு. மணி தன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக வட்டமடித்து ஓடியதை நான் பார்த்ததில்லை, ஆறடிக் கயிற்றின் மறுமுனையில் நானும் ஓடவேண்டியிருந்தாலும். ஆனால் காலுக்குச் சூடில்லை என்பதால் தலைக்கும் சூடில்லை என்று எண்ணிவிடக்கூடாது. அங்கே ஒரு மர நிழல்கூடக் கிடையாது; மேடுகள் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதால் வழி தவறுவது எளிது. அங்கேயும் காலைதான், குளிர்காலம்தான். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில், மேலே விளிம்பையொட்டிய பாதையில் நாய் வரலாம், பள்ளத்தாக்குக்குள் இறங்கக்கூடாது. இறங்க விரும்புபவர்கள் விட்டுச்செல்ல அங்கேயே நாய்க் கூடம் இருக்கிறது.

நாய்க்காலணி வாங்குவதா வேண்டாமா என்பதும் ஓர் ஒப்பீடுதான். கூர்ங்கற்கள் நிறைந்த இடத்திலும், உள்ளங்கால் வெடித்துவிட்ட நாளிலும் அது உதவும். ஆனால் கடையில் விற்கும்போது வெயிலுக்கான தீர்வாக அதைக் காட்டுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. தரைச்சூட்டை அது தடுக்கும், காற்றின் சூட்டைத் தடுக்காது. கால் சுடுகிறது என்று நாய் நமக்குத் தரும் முதல் எச்சரிக்கையையும் அது மறைத்துவிடுகிறது. மெல்லிய அடிப்பாகத்தைச் சோய்யா முள் துளைத்துவிடும். நான் நான்கு காலணிகளையும் பையில் வைத்திருக்கிறேன், காயம் பட்டால் போட்டு நடத்திவருவதற்காக. இழுத்தால் நீளும் கயிற்றைவிட ஆறடி நீளமுள்ள சாதாரணக் கயிறும் மார்ப்பட்டையும் மேல். மார்ப்பட்டையில் கைப்பிடி இருந்தால் பாறையில் தூக்கிவிடலாம். தண்ணீர், இரண்டு மணி நேர நடைக்கு எனக்கு இரண்டு லிட்டர், அவனுக்கு இரண்டு லிட்டர் என்று தனித்தனியாக எடுக்கிறேன். ஒரே புட்டியில் கொண்டுபோனால் மனிதன் தன் பங்கைத் தானறியாமல் கூட்டிக்கொள்கிறான்.

பாம்பைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. அரிசோனாவில் கிலுகிலுப்பை விரியன்களில் 13 இனங்கள் உண்டு. மார்ச்சிலிருந்து அக்டோபர்வரை அவை வெளியே திரியும். உயிருள்ள பாம்பைக் காட்டி நாயை அஞ்சப் பழக்கும் வகுப்புகள் இங்கே நடக்கின்றன. சில நாய்களுக்கு அது பலிக்கிறது. என்றாலும் குட்டையான கயிறும், புதருக்குள் மூக்கை நுழைக்கவிடாத பழக்கமும் அதைவிடப் பயன் தருவதாகவே எனக்குப் படுகிறது. கடித்துவிட்டால் கட்டுவது, கீறுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது. நாயை நடக்கவிடாமல் சுமந்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரையவேண்டும். சிப்பத்தின் கணக்கு மறுபடியும் இங்கே வந்து நிற்கிறது. பாம்பைவிட ஓசையில்லாமல் வருவது வேலி ஃபீவர். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையின் நுண்விதைகளைப் புழுதியோடு முகர்ந்து நாய்க்கு வரும் நுரையீரல் நோய் அது. வாரக்கணக்கில் இருமல், காரணமில்லாத நொண்டல், எடைக் குறைவு என்றால் அதற்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கவேண்டும். மருந்து மாதக்கணக்கில் தொடரும். புழுதிக்காற்று அடிக்கும் நாளில் எந்தப் பாதையும் வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கோடைக்கு இரண்டே தெரிவுகள். 2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் பகலின் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. இரவிலும் தரை ஆறுவதில்லை. ஒன்று, மேலே ஏறவேண்டும்: 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃபின் பைன் காடுகள் இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடும், அங்கே நண்பகலுக்குள் நடையை முடித்துவிட்டால் ஜூலையின் இடிமழையிலிருந்தும் தப்பலாம். இல்லையென்றால் நாயை வீட்டில் விட்டுவிட்டு நாம் மட்டும் போகவேண்டும், அல்லது இருவருமே வீட்டில் இருக்கவேண்டும். மூன்றாவதாகச் சிலர் செய்வது, விடியற்காலை நான்கரை மணிக்குக் குன்றேறுவது. வயது குறைந்த நாய்க்கு அது முடியும்தான், ஆனால் முந்தைய நாளின் சூடு பாறையில் தங்கியிருக்கும், பாம்புகளும் அந்த நேரத்தைத்தான் விரும்பும். நான் அதைச் செய்வதை நிறுத்திவிட்டேன். வீட்டில் இருப்பதிலும் ஒரு கவனம் வேண்டும்: மழை தொடங்கியதும் கொல்லைக்கு வரும் பெரிய சொனோரன் தேரையை நாய் கவ்வினால் அதன் தோல் நஞ்சு வாய் வழியே ஏறும், தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, நீர் தொண்டைக்குள் போகாதபடி வாயைப் பக்கவாட்டில் பலமுறை கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடவேண்டும்.

நண்பரின் நாய் மூன்று வயது, குட்டை மயிர், 18 கிலோ. அவர் என்னைவிட வலுவானவர். அவருக்கு நான் சொன்ன வரிசை இது: முதல் மாதம் வார நாட்களில் பீமா கேன்யனின் மண்சாலை மட்டும், அதுவும் ஒரு மணி நேரம். நாய் கயிற்றுக்கும் கூட்டத்துக்கும் பழகியபின் பிரௌன்ஸ் ரான்ச் அல்லது சான் டான். லாஸ்ட் டச்மன் வட்டப்பாதை ஜனவரியில். பெரால்டா அடுத்த ஆண்டு. சவாரோ பூங்காவுக்கு அவரும் அவர் மனைவியும் நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போய்வரட்டும். உள்ளே போய் நூறாண்டு வயதுள்ள கள்ளிகளுக்கிடையே நாள் முழுதும் நடக்கட்டும். அவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் வைட் சாண்ட்ஸ் எப்போது என்றார். பிப்ரவரியில் நீண்ட வாரயிறுதி ஒன்று வருகிறது, இரண்டு நாய்களையும் ஒரே வண்டியில் ஏற்றமுடியுமா என்று பார்க்கிறோம். வரும் சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பிரௌன்ஸ் ரான்ச் வாயிலில் சந்திப்பதாக ஏற்பாடு. அகன்ற பல்லுள்ள சீப்பு ஒன்றை வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். குறடு என்னிடம் இருக்கிறது.